படகில் அடுக்கிய சூளை

கல்யாணமான இரண்டாம் மாதம், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டே என் கணவர் கேட்டார், மரக்காணத்திலிருந்து மதராசு வரை படகில் போகலாமா என்று. அறுபதுகளின் நடுப்பகுதி அது. விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அப்படி ஒரு பட்டறையில் அவர் சூளை அடுக்கும் மேஸ்திரி. நான் ஸ்ரீமுஷ்ணத்துப் பெண். கோயில் குளத்தைத் தவிர வேறு தண்ணீரில் கால் நனைத்ததில்லை.

போகலாம் என்றேன். அந்த வாரமே அம்மா வீட்டுக்குப் போய்த் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். என்னோடு படித்த ஒருத்தியை அவள் கணவன் ஊட்டிக்குக் கூட்டிப் போயிருந்தான். போட்டோ எடுத்துச் சுவரில் மாட்டியிருந்தாள். ஊட்டிக்கு யார் வேண்டுமானாலும் பஸ் ஏறிப் போகலாம், நாங்கள் நாள்கணக்கில் தண்ணீரிலேயே போகப்போகிறோம் என்று அந்தப் போட்டோவுக்குக் கீழே நின்று சொன்னேன். அவள் முகம் மாறியதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

சரக்கு ஏற்றிக்கொண்டு போகும் படகு என்பது எனக்குத் தெரியும். ஊறுகாய் ஜாடிகள். மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமாக அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்தவை. மதராசில் ஒரு வியாபாரி மொத்தமாகக் கேட்டிருந்தார். லாரியில் அனுப்பினால் வழியெல்லாம் குலுங்கி உடைகிறது, தண்ணீரில் குலுக்கல் கிடையாது என்றார் முதலாளி. மரக்காணத்துக்கு மட்டும் லாரி குலுங்காமல் போகுமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவருடைய மச்சானுக்கு மரக்காணத்தில் உப்புப் படகு ஓடியது. அங்கிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக மதராசு.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு ஜாடி கை மாறும்போது, வாங்குகிறவர் அதை விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும். விரிசல் இல்லாத ஜாடி கிண்ணென்று ஒலிக்கும். விரிசல் கண்டது தொண்டை கட்டியவன் மாதிரி பேசும். சத்தம் நன்றாக இருந்தால் வாங்குகிறவர் ‘சரி’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் கொடுக்கிறவர் கையை எடுப்பார். அதன் பிறகு உடைந்தால் அது வாங்கியவர் பொறுப்பு. கொடுத்தவரை யாரும் கேட்க முடியாது.

இந்தப் பழக்கம் என் கணவரை வீட்டிலும் விடவில்லை. நான் காபி கொடுத்தால் டம்ளரை நகத்தால் ஒரு தரம் சுண்டிவிட்டுத்தான் குடிப்பார். பித்தளை டம்ளரில் என்ன விரிசல் வரும்? ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு அந்தச் சத்தத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். உலகத்தில் இவர் ஒருவர்தான் இப்படிச் செய்வார் என்று எப்படியோ நினைத்துக்கொண்டிருந்தேன்.

மரக்காணத்தில் லாரியை விட்டு இறங்கினோம். நான் கல்யாணப் புடவைகளில் இரண்டையும் ஒரு கண்ணாடியையும் பையில் வைத்திருந்தேன். கால்வாய்க் கரையில் ஒரு டீக்கடை. அதன் பெஞ்சில் படுக்கைச் சுருட்டும் தூக்குச்சட்டியுமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவள். முன்தினமே பஸ்ஸில் வந்துவிட்டதாகச் சொன்னாள். கடைக்காரர் டீ கொடுத்தார். வாங்கியதும் கிளாஸை நகத்தால் சுண்டினாள். பக்கத்தில் என் கணவரும் சுண்டினார். இரண்டு சத்தமும் அடுத்தடுத்துக் கேட்டன.

பட்டறையில் கிளேஸ் போடுகிறவள் என்று அவளை எனக்கு அறிமுகம் செய்தார். சுட்ட ஜாடிக்குப் பளபளப்பு வருவதற்காக, சுடுவதற்கு முன்னால் அதை ஒரு வெள்ளைக் குழம்பில் முக்கி எடுப்பார்கள். அந்த வேலை. கருவேப்பிலங்குறிச்சிக்காரி. புருஷன் நெய்வேலிக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். மதராசில் வியாபாரி முன்னால் ஒவ்வொரு ஜாடியையும் சுண்டிக் காட்டிக் கணக்குத் தீர்ப்பதற்காக முதலாளி அவளை அனுப்பியிருந்தார். ஏழு வருஷமாக அவள் முக்கிக் கொடுப்பதை இவர் வாங்கி அடுக்குகிறார். அவரை ‘அண்ணே’ என்றாள். என்னை ‘அண்ணி’ என்றாள். சொல்லில் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் அது போதவில்லை.

சரக்கு ஏற்றும்போது அவர்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு கரையில் நின்றேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. படகோட்டியும் அவன் தம்பியும் ஜாடிகளைப் பலகை வழியாகக் கொண்டுவந்தார்கள். அவள் வாங்கினாள், சுண்டினாள், ‘சரி’ என்றாள். அவளிடமிருந்து இவர் வாங்கினார், சுண்டினார், ‘சரி’ என்றார். இவர் கை நீட்டுவதற்குள் ஜாடி அங்கே இருந்தது. அவள் விடுவதும் இவர் பிடிப்பதும் தனித்தனியாகத் தெரியவில்லை. என்னிடம் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கும்போதுகூட இவருக்குக் கொஞ்சம் சிந்தும்.

அடுக்கிய விதம் முழுக்கச் சூளை அடுக்கும் விதம். கனமானவை கீழே. முதலில் ஓரங்கள், பிறகு நடு. சின்னவை மேலே. இடையிடையே வைக்கோல். வரிசைக்கு மேல் வரிசையாக உள்ளே சாய்ந்து, உச்சியில் குவிந்து நின்றது. இடம் மிச்சம் இருக்கிறது, இன்னும் ஒரு வரிசை போகலாம் என்றாள் அவள். இவர் தலையை அண்ணாந்து பார்த்துவிட்டு ஏற்றினார். உப்பு மூட்டையையும் விறகையும் தவிர வேறு ஏற்றாத படகோட்டி, வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு இதைப் பார்த்தான். படகுக்கு இவ்வளவு உயரம் ஆகாது என்று ஒரு தரம் சொன்னான். அடுக்குவது எங்கள் வேலை என்றார் இவர். முதலாளியின் மச்சானும் அவர்கள் சொல்கிறபடி விடு என்றார்.

வேலை முடிந்ததும் படகோட்டி கேட்டான்:

“மேஸ்திரி, எல்லாம் சரி. நெருப்பு எப்ப வெக்கிறது?”

அவள் முதலில் சிரித்தாள். இவர் அவளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்த வரிசையையும் கவனித்தேன்.

முதல் நாள் காற்று தோதாக இருந்ததால் பாய் விரித்தார்கள். அடுத்த நாள் காற்று இல்லை. தம்பிக்காரன் கரையில் இறங்கித் தோளில் கயிறு போட்டு இழுத்தான். அண்ணன்காரன் பின்னால் நின்று மூங்கில் கழியால் ஊன்றித் தள்ளினான். நடக்கிற வேகம்தான். இரண்டு பக்கமும் உப்பளம், சவுக்குத் தோப்பு, மறுபடி உப்பளம். வெள்ளையாக ஏதோ பறவைகள். கிழக்கே கடல் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். நான் நினைத்து வந்தபடி எல்லாமே இருந்தன, உட்காருகிற இடத்தைத் தவிர. பனையோலைக் கூரைக்குக் கீழே பெண்கள் இரண்டு பேர் படுக்கத்தான் இடம். இவர் படகுக்காரர்களோடு கரையில் படுத்தார். புருஷனோடு படகில் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தவள், அவர் கூட வேலை செய்பவளோடு ஒரே பாயில் படுத்துக்கொண்டு போனேன்.

பகலில் அவர்கள் பேசினார்கள். கிசுகிசுப்பு இல்லை, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான். எந்த மாதச் சூளையில் மழை உள்ளே இறங்கியது, எந்தத் தடவை கிளேஸ் கொப்புளித்துப்போனது, முதலாளி யார் மேல் பழி போட்டார். அவள் பாதி சொன்னால் இவர் மீதி சொல்வார். பெயர் வேண்டாம், கையை ஒரு மாதிரி காட்டினால் போதும், யாரைச் சொல்கிறாள் என்று இவருக்குத் தெரியும். எனக்கு விளக்கிச் சொல்ல அவள் நடுவில் நிறுத்துவாள். அது பேசாமல் இருப்பதைவிட மோசமாக இருந்தது. இவர் இவ்வளவு பேசுவார் என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது. வீட்டில் அவர் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம்.

இரண்டாம் நாள் மத்தியானம் கரையில் அடுப்பு மூட்டி நான் சமைத்தேன். மரக்காணச் சந்தையில் கத்திரிக்காய் வாங்கி வைத்திருந்தேன். நறுக்கிக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அண்ணி, அண்ணனுக்குக் கத்திரிக்காய் ஒத்துக்காதே. உடம்பெல்லாம் அரிக்கும். உங்ககிட்ட சொல்லலையா?”

சொல்லவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து வாரத்துக்கு இரண்டு தரமாவது கத்திரிக்காய்க் குழம்பு வைத்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார். முழங்கையைச் சொறிந்துகொள்வார். பட்டறை மண் என்று நினைத்தேன். நறுக்கியதைக் கால்வாயில் கொட்டினேன். துண்டுகள் கொஞ்ச தூரம் மிதந்து போயின. அவள் தன் பையிலிருந்து கருவாடு எடுத்துக் கொடுத்தாள். இவர் அன்றைக்கு இரண்டாம் தரம் சோறு வாங்கிக்கொண்டார்.

அன்று மாலை பாத்திரம் விளக்கும்போது இன்னொன்றும் சொன்னாள். நன்றி சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

“நீங்க வந்ததாலதான் அண்ணி நான் வர முடிஞ்சுது. பொம்பளைய ஒரு ஆம்பளையோட தனியா அனுப்ப மாட்டேன்னுட்டாரு முதலாளி. உம் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போறதா இருந்தா அவள அனுப்புறேன்னு அண்ணன்கிட்ட சொன்னாரு. நீங்க சம்மதிச்சது பெரிய விசயம்.”

கையில் இருந்த கரண்டியைக் கழுவி முடித்தேன். பிறகு துடைத்தேன். வீட்டில் கை கழுவிக்கொண்டே இவர் கேட்டது அப்போது வேறு மாதிரி கேட்டது. என்னைக் கூட்டி வந்தது எனக்காக இல்லை. இவர்கள் இரண்டு பேர் சேர்ந்து போவதற்கு ஊர் வாயை மூட ஓர் ஆள் தேவைப்பட்டது.

அப்போதே முடிவு செய்துவிட்டேன். பஸ் போகிற ரோடு எங்கே முதலில் வருகிறதோ அங்கே இறங்கி ஸ்ரீமுஷ்ணம் போய்விடுவது. விருத்தாசலத்துக்கு இல்லை, ஸ்ரீமுஷ்ணத்துக்கு. அங்கிருந்து திரும்பி வருவேனா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். என் புடவைகளையும் கண்ணாடியையும் பையில் மேலாக எடுத்து வைத்தேன்.

மறுநாள் காலையில் அந்த ரோடு வந்தது. செய்யூருக்குக் கிழக்கே, கால்வாயின் குறுக்கே ஒரு தாழ்வான பாலம். பாலத்தை நெருங்கும்போதே படகோட்டி கழியைக் குறுக்கே போட்டுப் படகை நிறுத்திவிட்டான். அமாவாசையை ஒட்டிய நாள், கடல் தண்ணீர் கால்வாயில் ஏறியிருந்தது. அடுக்கின் உச்சி பாலத்தின் அடி விளிம்பைவிட ஒரு முழம் உயரமாக நின்றது. சூளையை அடுக்கும்போது அது நகரும் என்று யாரும் யோசிப்பதில்லை.

மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் வடியும், அதுவரை படுத்துத் தூங்கலாம் என்றான் படகோட்டி. அடுக்கியவர்களுக்கு அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முகம் இல்லை. மேல் வரிசைகளை இறக்கி, பாலத்துக்கு அந்தப் பக்கம் சுமந்து போய் மறுபடி ஏற்றுவது என்று இவர் சொன்னார். அதைச் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“இன்னொரு வரிசை போவும்னு நீதான சொன்ன?”

“நான் சொன்னா? மேஸ்திரி நீங்களா நானா?”

“படகுல வந்துட்டு சூளை கணக்கு பேசாத.”

“அத ஏத்தும்போது நெனைச்சிருக்கணும்ண்ணே. இப்ப எம்மேல பாயுறீங்க.”

இவர் கத்தினார். அவளும் கத்தினாள். ஆறு மாதத்துக்கு முந்தைய ஒரு சூளை, யாரோ ஒருவன் கூலி, எல்லாம் வெளியே வந்தன. பிறகு இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பி நின்றார்கள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என்னிடம் இவர் ஒரு நாளும் இப்படிச் சத்தம் போட்டதில்லை. உப்பு அதிகமானாலும் காபி ஆறிப்போனாலும் பேசாமல் எழுந்து போவார். சண்டை போடக்கூட அவள்தான் கிடைத்தாள். எனக்கு அதன் மேலும் பொறாமை வந்தது.

அவர்கள் அப்படி நின்றபோது நான் பையை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறி, பாலத்தின் கைப்பிடிச் சுவர் மேல் வைத்தேன். அங்கே புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள், மதுராந்தகம் போகிற பஸ் இன்னும் கொஞ்ச நேரத்தில் வரும் என்றாள்.

கீழே ஆள் போதவில்லை. படகுக்காரர்கள் ஜாடிகளை ரோட்டைத் தாண்டிச் சுமந்து போக வேண்டும். அவள் மேட்டு மேல் நின்று அவர்களுக்கு எடுத்துக் கொடுப்பாள். இவர் படகில். நடுவில், கரை ஓரம் ஓர் ஆள் வேண்டும். இவர் என்னைப் பார்த்தார். பஸ் வரும்வரைதானே என்று புடவையைச் செருகிக்கொண்டு போய் நின்றேன்.

முதல் ஜாடியை நீட்டினார். வாங்கினேன். அவர் விடவில்லை. நான் இழுத்தேன். அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார். படகுக்கும் கரைக்கும் நடுவில், தண்ணீருக்கு மேல், ஒரு ஜாடியை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு நின்றோம்.

“சுண்டிப் பாத்துச் சொல்லு” என்றார்.

“என்ன சொல்லணும்?”

“சரின்னு சொல்லு. சொன்னாத்தான் விட முடியும்.”

சுண்டினேன். மொத்தையாக ஒரு சத்தம் வந்தது. மறுபடி சுண்டினேன், அதே சத்தம். அது அவள் மரக்காணத்தில் ‘சரி’ சொல்லி ஏற்றிய ஜாடி. மேட்டில் நின்ற அவளுக்குக் கேட்கிற மாதிரி, இது விரிசல், நான் வாங்க மாட்டேன் என்றேன். இவர் முகம் சுருங்கியது. ஜாடியைத் தன் பக்கம் இழுத்து, மூடியைத் திறந்து, அடுக்கும்போது உள்ளே திணித்திருந்த வைக்கோலை ஒரு பிடி உருவிப் போட்டுவிட்டுச் சுண்டினார். கிண்ணென்றது.

மேட்டில் அவள் சிரித்தாள். இவர் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. “வைக்கோல எடுக்கணும்னு சொல்லித் தரலியாண்ணே?” என்று அவள் கேட்க, “நீ சொல்லித் தந்திருக்கலாம்ல” என்று இவர் பதில் சொன்னார். அவ்வளவுதான், சண்டை தீர்ந்துவிட்டது. அதைத் தீர்த்து வைத்தவள் நான். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. பஸ் எப்போது வரும் என்று ரோட்டைப் பார்த்தேன்.

அதன் பிறகு ஜாடிகள் வேகமாக வந்தன. வைக்கோலை உருவினேன், சுண்டினேன், ‘சரி’ என்றேன். அவர் விட்டார். மேட்டில் ஏறி அவளிடம் நீட்டினேன். அவள் சுண்டினாள், ‘சரி’ என்றாள், நான் விட்டேன். கொஞ்ச நேரத்தில் கைக்குப் பிடிபட்டது. நான் கை நீட்டும் இடத்துக்கு இவர் ஜாடியைக் கொண்டுவர ஆரம்பித்திருந்தார்.

பஸ் வந்தபோது என் கையில் பெரிய ஜாடி ஒன்று இருந்தது. அப்போதுதான் ‘சரி’ சொல்லி வாங்கியிருந்தேன். சுவர் மேல் இருந்த பையைப் பார்த்து டிரைவர் நிறுத்தினார். யாரும்மா ஏறுறது என்று கண்டக்டர் கேட்டார். இவர் படகிலிருந்து நிமிர்ந்தார். முதலில் பஸ்ஸைப் பார்த்தார், பிறகு பையை. கல்யாணத்துக்கு அவர் வீட்டில் வாங்கிக் கொடுத்த பை அது, தூரத்திலிருந்தே தெரியும். இன்னொரு ஜாடியை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார்.

அவளுக்கும் புரிந்துவிட்டது. சிரிப்பு போய்விட்டிருந்தது. மேட்டிலிருந்து இரண்டு அடி இறங்கி வந்து கைகளை நீட்டினாள்.

“போறதா இருந்தா போங்க அண்ணி. ஜாடிய என்கிட்ட குடுத்துட்டுப் போங்க. நான் பாத்துக்கிறேன்.”

கிளேஸில் முக்கி முக்கி முழங்கை வரை வெளுத்துப்போயிருந்த கைகள். அவள் சொன்னதில் குத்தல் இல்லை, உதவிதான். அவள் விரல் மடங்கிச் சுண்டத் தயாராக இருந்ததைப் பார்த்தேன். சுண்டி, ‘சரி’ என்று அவள் சொல்லிவிட்டால் நான் விட வேண்டும். விட்டால் அது அவள் பொறுப்பு. அதோடு இவர் நீட்டும் அடுத்த ஜாடியையும் அவள்தான் வாங்குவாள். நடுவில் ஆளே இருக்காது.

என்னால் கொடுக்க முடியவில்லை.

கண்டக்டர் இரண்டாம் தரம் கேட்டார். நான் ஜாடியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, யாரும் ஏறவில்லை, பை காற்றாட இருக்கிறது என்றேன். அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு விசில் கொடுத்தார். பஸ் போனது. அந்த ஜாடியை அவளிடம் கொடுக்காமல் நானே ரோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் வைக்கோலில் வைத்துவிட்டு வந்தேன். திரும்பி வந்து என் இடத்தில் நின்றேன். இவர் அதுவரை நெஞ்சோடு வைத்திருந்ததை நீட்டினார். சுண்டினேன். ‘சரி’ என்றேன். கொஞ்சம் தாமதித்துத்தான் விட்டார்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் மறுபடி அடுக்கினோம், இந்தத் தடவை தாழ்வாக. மத்தியானம் அவள் கரையில் படுத்துத் தூங்கினாள். இவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கத்திரிக்காய் விஷயத்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். புதிதாக வந்தவளிடம் எப்படிச் சொல்வது என்றார். அவளிடம் சொல்லியிருக்கிறீர்களே என்றேன்.

“அவ கேட்டாளே” என்றார்.

முதலாளி போட்ட நிபந்தனையை ஏன் மறைத்தீர்கள் என்றும் கேட்டேன். சொல்லியிருந்தால் வந்திருப்பாயா என்றார். அவர் என் பையை எடுத்து, ஓலைக்கூரைக்குக் கீழே, ஈரம் படாத இடமாகப் பார்த்து வைத்தார். அந்தப் பயணத்தில் அவர் எனக்கென்று செய்தது அது ஒன்றுதான். மதராசு வரை மீதி நாட்களில் ஏற்றவும் இறக்கவும் வேண்டியிருந்த இடங்களில் எல்லாம் நான் நடுவில் நின்றேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை. வியாபாரியின் கிடங்கில் அவள் ஒவ்வொன்றாகச் சுண்டிக் காட்டியபோதும், எடுத்துக் கொடுத்தவள் நான்.

அவள் அதற்குப் பிறகும் பல வருஷம் பட்டறையில் இருந்தாள். எழுபதுகளில் நான் ஒரு பத்திரிகை ஆபீசில் பிழை திருத்தும் வேலைக்குப் போனபோது, என் பிள்ளையை மாலையில் பார்த்துக்கொண்டவள் அவள்தான். ஒரு நாளும் என்னிடம் தவறாக நடந்ததில்லை. என் பொறாமைக்கு அது ஒரு விதத்திலும் உதவவில்லை. வீட்டுக்கு வந்தால் காபி கொடுப்பேன். அவள் டம்ளரைப் பிடித்த பிறகும் நான் விட மாட்டேன். அவள் சுண்டி, ‘சரி’ என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். உள்ளே சாய்வு நாற்காலியில் இவர் தன் காபிக்காகக் காத்திருப்பார்.